கல்லில் உண்ணி தேடிய கொக்கு

ஒரு குளக்கரையில் வெளியூர்க் கொக்கு ஒன்று எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கிப் பிழைத்து வந்தது. வேலை இருக்கும்வரை வெளியூர்ப் பறவை அங்கே தங்கலாம். வேலை போனால் பௌர்ணமிக்குள் வேறு முதுகு தேடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பறந்துவிட வேண்டும். அதுதான் குளத்துச் சட்டம்.

ஒருநாள் எருமை, "இனிமேல் சேறு பூசிக்கொள்ளப் போகிறேன், நீ வேண்டாம்" என்றது.

வெட்கத்தில் கொக்கு யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கிளம்பிப் போய், ஒரு கருங்கல்லின் மேல் நின்று கொத்தியது.

"அக்கா, உங்க முதலாளி அசையவே இல்லையே, உயிரோட இருக்காரா?" என்றது தவளை.

கொக்கு அழுதேவிட்டது, வேலை போன கதையைச் சொன்னது.

"அட, இதுக்கா? இன்னும் பாதி நிலாதானே ஆச்சு! காவல்கார ஆமைகிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க."

கொக்கு போய்ச் சொன்னதை ஆமை கழுத்தை நீட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னது: "வேலை போனது குற்றமில்லை. பௌர்ணமிக்கு முன்னாலேயே வந்து சொல்லிவிட்டாய், அதனால் பௌர்ணமி கழிந்தாலும் கொஞ்ச நாள் விருந்தாளியாக இரு. ஆனால் விருந்தாளி உண்ணியைத் தொடக் கூடாது. புது முதுகு கிடைத்தால் என்னிடம் சொல்லிவிட்டு ஏறு."

பக்கத்தில் மேய்ந்த பசு நிமிர்ந்தது. "ஆள் சும்மாவா இருக்கு? என் காதுக்குள்ள கொஞ்சம் பாரேன்!"

கொக்கின் அலகு முன்னே போனது, சட்டென்று நின்றது. "ஆமையாரே, ஏறட்டுமா?"

"ஏறு, ஏறு."

பசு வாலை வீசி நடந்தது. பின்னாலிருந்து தவளை கத்தியது: "அக்கா, இந்தக் கல்லு நடக்குது!"