தூதோ இல்லை

“இதில தூதோ இருக்கா?” என்று நான்காவது முறையாகக் கேட்டேன்.

பேரங்காடியின் விற்பனைக்காரப் பெண்மணி எள் மிட்டாய்த் தொட்டியை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மீன் வெட்டுகிறவரிடம் கத்தினார்.

“கேட்டியாண்ணே? மிட்டாய்ல தூதோ இருக்கான்னு கேக்குறா! மூஞ்சி நம்ம சீன மூஞ்சி. எழுத்துதான் தெரியலையாக்கும்.”

தெரியாதுதான். பினாங்கில் நான் படித்தது மலாய்ப் பள்ளி. வீட்டில் பேசுவது ஹொக்கியன் என்ற தென்சீனப் பேச்சுமொழி. வேர்க்கடலைக்கு நாங்கள் சொல்லும் சொல்லை மண், பயறு என்று பிரித்து, இங்கே பேசும் மாண்டரின் சீனத்தில் மறுபடி சேர்த்து வைத்திருந்தேன்: தூதோ. விடுதி அறையில் பத்து முறை சொல்லிப் பார்த்தேன்.

அக்காவுக்குக் காய்ச்சல். தன் மகள் மீ யென்னை என்னோடு அனுப்பும்போது, அவசர ஊசியை என் கைப்பையில் வைத்தாள். கடலைத் தூள் பட்டாலே பிள்ளைக்கு மூச்சு அடைக்கும். வெட்கப்படாமல் கேட்டு வாங்கு என்றாள்.

கேட்டேன். பேரீச்சம்பழம்? இல்லை. அரிசி உருண்டை? இல்லை. இந்தச் சீன நகரமான சியானில் பாதித் தின்பண்டம் பொட்டலம் இல்லாமல்தான் கிடக்கிறது. எள் வறுத்த வாசனையில் வேறெதுவும் மூக்குக்கு எட்டவில்லை. காது மடல் எரிந்தது.

கடைசித் தொட்டியில் பழுப்பு நிறத்தில், அடுக்கடுக்காக ஒரு மிட்டாய்.

“இதில?”

“இல்ல, இல்ல, இல்லவே இல்ல!”

சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து மீ யென் கையில் திணித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

“நல்லாருக்கு சித்தி!”

அரைக் கிலோ கேட்டேன். எடை போட்டு, சீட்டை ஒட்டித் தந்துவிட்டுப் பெண்மணி எங்கோ போனார். மீ யென் இன்னொரு துண்டு எடுத்தாள்.

“தண்ணி வேணும் சித்தி.”

“இரு, வாங்கலாம்.”

அதற்குள் பெண்மணி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். முகத்தில் இப்போது கோபம் இல்லை. என் கையில் ஒரு பையை வைத்தார்.

“இந்தாம்மா. காய்கறிப் பக்கம் கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பாங்கல்ல?”

உள்ளே மண் ஒட்டிய நான்கு உருளைக்கிழங்குகள்.

“தூ-தோ,” என்றார், கிழங்கைத் தொட்டுக் காட்டி, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

மீ யென் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

என் கை அதற்குள் கைப்பைக்குள் போயிருந்தது.