நாலு பேருக்கு ஒரு எம்.டெக்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் எம்.டெக் பட்டத்தில் நாலு பெயர்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு ரோபோ பராமரிப்பு, தம்பிக்கு சிப் வடிவமைப்பு, அம்மாவுக்கு வாடிக்கையாளர் பேச்சு, எனக்குத் தரவுப் பாதுகாப்பு. எல்லா வீட்டையும் போல நாங்களும் குடும்பமாகப் படித்து, ஈரோட்டில் இருந்தபடியே ஒரு டச்சுக் கம்பெனியில் குடும்பமாக வேலை பார்க்கிறோம்.

நான் கல்யாணமாகிப் போனால் பட்டம் செல்லாது. அதனால் பெண் பார்க்க வருபவர்களை அப்பா காபி கொடுத்து அனுப்பிவிடுவார். வருபவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, எந்தப் பேப்பர் பாஸ் பண்ணியிருக்கிறேன் என்றுதான் கேட்பார்கள். இந்த லட்சணத்தில் நான் விரும்பும் முகிலனைப் பற்றி நான் வீட்டில் எப்படி வாயைத் திறப்பது?

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது கூடத்துத் திரையில் தேர்வு முடிவு வந்தது. தரவுப் பாதுகாப்பில் தேர்ச்சி: கோகிலவாணி தண்டபாணி. அம்மாவின் பெயர்!

அப்பா பிசைந்த சோற்றோடு அம்மாவைப் பார்த்தார். "உனக்கெதுக்கு இந்தப் பேப்பரு? அதுக்குத்தான் அம்மணி இருக்குதே?" என்று என்னைக் காட்டினார்.

"அம்மணி போயிருச்சுன்னா யாருங்க பாக்கறது?" என்று அம்மா ரசம் ஊற்றினாள்.

அந்தப் பேப்பரில் நானே இரண்டு தடவை கோட்டை விட்டவள். அம்மாவுக்கு ஏது நேரம்? பின்னாலேயே சமையலறைக்குப் போனேன்.

"எப்பம்மா படிச்சீங்க?"

அம்மா திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் விளக்கினாள்.

"நீ மொட்டை மாடியில நின்னு அந்தப் பையன்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பியே கண்ணு, அப்பல்லாம்."