பஞ்சுத் தூசி

கொசுவலை சுற்றிய மரப்பெட்டியிலிருந்து பஞ்சைச் சுரண்டி எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டார் ராஜபாண்டி. பிறகு மொட்டை மாடியில் நின்றபடியே ஒரு மீட்டரை எதிரே இருந்த நிட்டிங் கம்பெனியின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேராக நீட்டி, அதில் வந்த எண்ணை செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

கம்பெனி ஜன்னலுக்குப் பின்னால் நின்று முதலாளி நல்லான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பிள் எடுக்கறாருங்க. பொல்யூஷன் ஆபீசுக்குத்தான் போகும்போல," என்றாள் அவர் மனைவி வேல்விழி. "ஃபேனைப் பொறத்தால செவுத்துல வைங்கன்னு அப்பவே சொன்னனில்லீங்க. நீங்க எங்க கேட்டீங்க."

ராஜபாண்டி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் பார்த்த எலக்ட்ரீஷியன் வேலையை விட்டுவிட்டு, புகையில்லாத மின்சாரம் கண்டுபிடிக்கிறேன் என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். டிரம்மில் காய்கறிக் கழிவை ஊறப்போட்டு கேஸ் எடுக்கப் பார்த்தார். வந்தது நாற்றம் மட்டும்தான். உப்புத் தண்ணீரில் பல்பு எரிய வைக்கப் பார்த்தார். வீட்டில் உப்புதான் தீர்ந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கும் சோற்றுக்கும் சேர்த்துத் தையல் மெஷினை மிதிப்பவள் மனைவி செல்லத்தாய். அவளுக்குத்தான் ஓயாத இருமல்.

அந்த இருமல் நல்லானைக் கொன்றது. அவருடைய ஃபேன் கக்கும் பஞ்சுத் தூசி மொத்தமும் அவர்கள் வீட்டில்தான் போய் இறங்கும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. ஃபேனை அங்கே வைத்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

நிட்டிங் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது. செல்லத்தாய் இருமினால் மட்டும் நல்லானுக்குக் கேட்டுவிடும். பரிகாரமாக ஒரு தடவை மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள், இருமல்தான் வந்தது. மனுஷன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

வீதிக்கு வேறொரு சந்தேகம். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனபோது, ஜெனரேட்டர் ஓடிய கம்பெனியைத் தவிர வெளிச்சம் இருந்தது ராஜபாண்டி வீட்டில் மட்டும்தான். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார் என்று வீதி பேசி முடித்தது.

அந்த மீட்டரைப் பார்த்த பிறகு நல்லானுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு. கொத்தனாரை வரவழைத்துப் பின்சுவரை உடைத்தார். ஃபேனைக் காலி மனைப் பக்கம் மாட்டி, பழைய ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசியும் விட்டார். அன்றைக்குத்தான் புரண்டு படுக்காமல் தூங்கினார் என்று வேல்விழியே காய்கறி வண்டிக்காரரிடம் சொன்னாள்.

அந்தத் தூக்கம் நிலைக்கவில்லை. அதே வாரத்தில் செல்லத்தாய் கம்பெனிக்குள் வந்து நின்றாள். இடுப்பில் அந்தக் கொசுவலைப் பெட்டி.

புகார் கொடுக்கப் போகிறவள் ஆதாரத்தைக் காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றுதான் நல்லான் நினைத்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் கையைக் கூப்பிவிட்டார்.

"தப்பு எம்மேலதானுங்க அம்மிணி. இத்தன நாளும் உங்கூட்டுப் பக்கம் தூசியத் தள்ளிப்போட்டேன். இனி ஒரு பொட்டுக்கூட வராதுங்க."

அவள் பெட்டியை மேஜைமேல் இறக்கி, வலையை விலக்கினாள். உள்ளே பிளாஸ்டிக் பைப்பை அறுத்துச் செய்த சின்னக் காற்றாடி ஒன்று இருந்தது.

பஞ்சு சிக்காமல் இருக்கத்தான் வலையாம். மீட்டர் காற்றின் வேகத்தை அளக்கவாம். ஃபேன் தள்ளிய காற்றில் இது சுற்றித்தான் பேட்டரி ஏறியதாம், கரண்ட் இல்லாத அன்றைக்கும் வீட்டில் விளக்கு எரிந்ததாம். வீட்டுக்காரர் செய்து பார்த்ததிலேயே உருப்படியாக ஓடியது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நின்றது நின்றதுதான். அன்றிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லி முடித்துவிட்டு ஒரு பாட்டம் இருமினாள்.

வேல்விழி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இருமலை நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி," என்றாள் செல்லத்தாய். "நீங்க ஃபேனை எங்க வீட்டுப் பக்கமே திருப்பி வச்சிருங்க."