விற்பனைக்கு இல்லாத லென்ஸ்

"போட்டிருக்கிற விலைக்கு மேலேயே தர்றேங்கறேன். இன்னும் என்ன சார்?"

"மன்னிக்கணும். அது விற்கிறதுக்கு இல்லை."

மகன் கண்ணாடி அலமாரியில் இருந்த டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமரா கடைக்கு வந்திருந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கம்பெனிக்காரன் இந்த லென்ஸை நிறுத்திட்டான். இதுக்குப் பதிலா புதுசு இதோ வருது, அதோ வருதுன்னு இழுத்தடிக்கிறான். இன்னும் கொஞ்ச நாள் பதுக்கி வெச்சா விலை எகிறும். அதானே உங்க கணக்கு?"

மகன் சிரித்து மழுப்பினான். அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் சுருக்கென்றது. வேலையாள் வராத நாட்களில் மகனுக்குத் துணையாகக் கடைக்கு வருகிறவள். பெற்ற பிள்ளையைப் பற்றித் தப்பாக ஒரு சொல் அவள் காதில் இதுவரை விழுந்ததில்லை.

"ஏம்ப்பா, அந்த ஒண்ணைக் குடுத்துத் தொலைச்சா என்ன? பதுக்கறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறான்."

"சொல்லிட்டுப் போகட்டும்மா. நீ கடையைப் பார்த்துக்கோ. பார்சல் ஆபீஸ் வரைக்கும் போய், புதுசு ஏதாவது வந்திருக்கான்னு கேட்டுட்டு வந்துடறேன்."

போய்விட்டான்.

'ஆண்டவனே, இவனுக்கு நீ எதைக் குறைச்சே? ஏன் இந்தப் புத்தி?' என்று அம்மா கண்ணை மூடி முறையிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"ஆன்ட்டி, அந்த டப்பாவுல இருக்கிற லென்ஸ் கிடைக்குமா?"

"அதுவா? அது..."

"சின்னப் பொருளைக் கிட்டப் போய் எடுக்கிற லென்ஸ் ஆன்ட்டி. என்னோடது கீழே விழுந்து உடைஞ்சுபோச்சு. நாளைக்குக் காலைல ஒரு நகைக்கடைக்கு மோதிரமெல்லாம் எடுத்துக் குடுக்கணும். எனக்குன்னு தனியா வந்த முதல் வேலை. நான் ஏறாத கடை இல்லை. எல்லாரும் புதுசு வரட்டுங்கறாங்க. மோதிரம் காத்திருக்கும், நகைக்கடைக்காரர் காத்திருப்பாரா?"

அம்மா அவளையே பார்த்தாள். தன் கடைசிப் பெண் வயதுதான் இருக்கும். டப்பாவில் 'விற்பனைக்கு அல்ல' என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தால் என்ன? மகன் தலையில் ஏறுகிற பாவத்தில் ஒரு பிடியையாவது இறக்கி வைக்கலாமே.

மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"போட்டிருக்கிற விலையைக் குடு. அதுக்கு மேல எதுவும் வேண்டாம். என் பையன் வந்து குதிச்சா நான் பேசிக்கறேன்."

அலமாரியைத் திறந்து, டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றினாள்.

உள்ளே ஸ்பாஞ்சில் வட்டமாக ஒரு பள்ளம். லென்ஸ் இல்லை.

அந்தப் பெண் டப்பாவைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள்.

"காலி டப்பாவைக் காட்டி ஆளைக் கூப்பிடறாரா? அதான் விற்பனைக்கு இல்லையா? நல்லாத்தான் கடை நடத்தறார் உங்க பையன்."

அம்மா அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பதுக்கினாலாவது பொருள் இருக்கும். இது பச்சைப் பொய்யல்லவா?

அப்போதுதான் தோளில் பையோடு ஓர் ஆள் வந்தார்.

"அண்ணன் இல்லையா? நீங்க புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களாம்மா? டப்பாவும் கையிலேயே இருக்கே, நல்லதாப் போச்சு. இதை உள்ளே வெச்சிடுங்க."

துணியைப் பிரித்து லென்ஸை நீட்டினார். ஸ்பாஞ்சுப் பள்ளத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது உங்ககிட்ட எப்படி வந்தது?" என்றாள் அம்மா.

"கல்யாண போட்டோ எடுக்கிறவன்மா நான். என் லென்ஸ்ல மோட்டார் போயிடுச்சு. நிறுத்தின சரக்குக்கு பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? புதுசு வர்ற வரைக்கும், வேலை இருக்கிற அன்னைக்கு இதை எடுத்துட்டுப் போடான்னார் அண்ணன். என்னை மாதிரி இன்னும் சில பேர் இருக்கோம். மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போறோம்."

"வாடகை எவ்வளவு?" என்றாள் அந்தப் பெண்.

"வாடகைன்னு கேட்டுப் பாருங்க, திட்டு விழும். துடைச்சுக் குடு, போதும்பார். வித்தா ஒருத்தர் பொழப்புதான் ஓடும், வெச்சிருந்தா இத்தனை பேருக்கு ஓடுதேம்பார்."

அம்மாவுக்குக் கடையே ஒரு கணம் கலங்கித் தெரிந்தது. லென்ஸைத் துணியோடு எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ கண்ணு. மோதிரத்தை ஜொலிக்க ஜொலிக்க எடு."

"ஆன்ட்டி, இப்ப நான் சொன்னது..."

"நீ என்ன சொன்னே? எனக்கு எதுவும் காதுல விழலை."

பிறகு அந்த ஆளிடம் திரும்பினாள். நெஞ்சு கொள்ளாத பெருமையில் குரலே மாறியிருந்தது.

"இவ்வளவு நல்ல காரியத்தை வெளியில சொன்னா என்னவாம் உங்க அண்ணனுக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களும் வாயைத் திறந்துடாதீங்கம்மா. முக்கியமா அவங்க அம்மாகிட்ட. பையனைப் பத்தி நல்லதா ஒண்ணு கிடைச்சா போதுமாம், சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துடுவாங்களாம். யார் யார் இரவல் வாங்கறாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சா, நாங்க கூச்சப்பட்டு வராம நின்னுடுவோம்னு அண்ணனுக்குப் பயம்."

அந்தப் பெண் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

அம்மா காலி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இழுப்பறையில் போட்டாள்.

"கவலைப்படாதீங்க தம்பி. அவங்க அம்மாவுக்கு நான் பொறுப்பு."