அட்மின் குடித்த தண்ணீர்

தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்று யாரோ பதறிப் பேசிய குரல் பதிவு குடிநீர் வாரியத்தின் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள், பாதி ஊர் அதைக் கேட்டு முடித்திருந்தது.

வாரியத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான். எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, எங்கே இன்று தண்ணீர் வராது என்று போடுவாள். போட்டதற்குத் திட்டும் வாங்குவாள்.

ஊருக்கு அவள் வெறும் அட்மின். ‘டேய் அட்மின், தூங்குறியா?’ என்று கேட்பவர்களுக்கு அவள் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டாள். எல்லாத் தொட்டித் தண்ணீரையும் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை என்றார் வேதியியலாளர். அவருடைய அறிக்கையைப் படம் பிடித்து, இயக்குநரிடம் அனுமதி வாங்கிப் பக்கத்தில் போட்டாள்.

கீழே முதல் ஆள் கேட்டான். ‘நீ குடிப்பியா?’

அதற்கும் கீழே அதே கேள்வி, அதே கேள்வி, அதே கேள்வி. திரையைத் தள்ளத் தள்ள முடியவில்லை.

பின்னூட்டங்களை மூடிவிடச் சொன்னார் இயக்குநர்.

“மூடினா எதையோ மறைக்கிறோம்னு ஆயிடும் சார்” என்றாள்.

இதற்கிடையில் நீரேற்று நிலையத்தின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கையில் கடப்பாரையோடு சிலர். உள்ளே புகுந்து முதன்மை வால்வை மூடிவிட்டால் ஊர் பிழைத்துவிடும் என்று நினைத்தார்கள். மூடினால் முதலில் காய்வது பெரிய மருத்துவமனையின் தொட்டி என்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கே ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்களோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருப்பவர்களுக்குத் தண்ணீர்தான் உயிர்.

நீரேற்று நிலையத்துக்கே போய், நேரலையில் குடித்துக் காட்டுவதாக இயக்குநரிடம் சொன்னாள்.

அவர் ஒப்பவில்லை. “உன்னை எப்படிம்மா அனுப்புறது? வேற யாரையாவது அனுப்புறேன்.”

“கேட்டது என்னைத்தான சார்.”

வாரியத்தின் ஓட்டுநர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தார். சீக்கிரம் போகச் சொன்னாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். தொட்டிக்கு அடியில் ஒரு குழாய், ஒரு எவர்சில்வர் டம்ளர். மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கதவில் கடப்பாரை மோதும் சத்தம்.

முகம் மட்டும் தெரிந்தால் போதும் என்று சொல்லி, செல்பேசியை ஓட்டுநரிடம் கொடுத்தாள்.

“நான்தான் அட்மின். குடிப்பியான்னு கேட்டீங்கல்ல?”

குழாயைத் திறந்தாள். டம்ளர் நிரம்பி வழிந்தது.

உதட்டருகே கொண்டுபோனபோது கை ஒரு கணம் நின்றது. அறிக்கையைப் படித்தவள்தான். வேதியியலாளர் வாயாலேயே கேட்டவள்தான். ஆனாலும் அந்தக் குரல் பதிவு அவள் காதுக்குள்ளும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

குடித்தாள். கடைசிச் சொட்டு வரை.

பிறகு இன்னொரு டம்ளர்.

திரையில் ஓடிக்கொண்டிருந்த வசவுகள் சட்டென்று நின்றன. வாசலில் கடப்பாரைச் சத்தமும் நின்றது. அங்கிருந்த அத்தனை பேரும் அவரவர் செல்பேசியில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிலுக்கு அப்பால் ஒரு கரகரத்த குரல் கத்தியது. “யாராச்சும் அந்தப் பொண்ணுக்கு ஒரு நாற்காலி போடுங்கய்யா!”

காவலாளி நாற்காலியோடு ஓடிவந்தார். அவர் விட்டுவந்த கதவை யாரும் தள்ளவில்லை. கடப்பாரைகள் தரையில் விழுந்தன. யாரோ கைதட்டத் தொடங்க, அது வாசல் முழுக்கப் பரவியது.

பக்கத்தில் படங்கள் வந்து குவிந்தன. சமையலறைக் குழாய், பள்ளிக்கூடக் குழாய், கடைவாசல் குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு கை, ஒரு டம்ளர் தண்ணீர். மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியும் அனுப்பியிருந்தாள்.

இயக்குநர் போனில் கிட்டத்தட்டக் கூவினார். ஊரே குடிக்கிறதாம்.

சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். முத்திரை குத்தி வந்த அறிக்கையை ஒருவரும் நம்பவில்லை. இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஊரே மடங்கிவிட்டது. எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை.

ஓட்டுநர் செல்பேசியை நீட்டினார். முகத்தில் குற்றவாளிக் களை.

“குழாயும் படத்துல வரட்டும்னு ரெண்டு எட்டு பின்னால போயிட்டேம்மா. முழுசாத் தெரிஞ்சிட்டீங்க.”

பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். டம்ளரில் இருந்து வழிந்த தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, மேடிட்ட வயிற்றின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அங்கே உள்ளங்கையை வைத்தாள். எட்டு மாதம் நிறைந்தவர், உள்ளிருந்து ஓங்கி ஓர் உதை விட்டார்.