மடியில் வைத்த கால்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் கலைமதிக்கு அன்று கடைசி நர்சிங் தேர்வு. தேறினால் அடுத்த மாதமே வேலை.

உப்பளத் தொழிலாளி சகாதேவன் காலை நீட்டினார். உப்பு அரித்து, பாளம் பாளமாக வெடித்த கால். கலைமதி அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, சேறு ஒட்டிக்கும்."

"ஒட்டட்டுங்க ஐயா. எரியுதுங்களா? ஊதி விடட்டுங்களா?"

"முப்பது வருஷமா எம் பொண்டாட்டிகூட இந்தக் காலைத் தொட்டதில்லம்மா" என்று சகாதேவன் அழுதேவிட்டார்.

நடுவே ஓர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"வரிசையில நில்லும்மா! கண்ணு தெரியல?" என்று கலைமதி விரட்டினாள்.

மத்தியானம், மார்க் போடும் அம்சவள்ளி மேடத்திடம் ஓடினாள்.

"நோயாளி மாதிரி நடிக்க ஒருத்தரை அனுப்புவேன்னீங்களே மேடம், கண்டுபிடிச்சிட்டேன்! அந்த உப்பளக்காரர்தானே? அழுகைகூட அசல் மாதிரியே இருந்துச்சு!"

"அது அசல்தாம்மா. நடிக்க வந்தது எங்க அக்கா. வயித்தைப் பிடிச்சிக்கிட்டு வந்தாங்களே."

மேடம் பேனாவை மூடினார். கலைமதிக்கு முகம் சுண்டிப்போனது.

வாசலில் சகாதேவனின் குரல் கேட்டது. "இந்தப் பொண்ணுதாம்பா. வெக்கப்படாம வாங்க."

பின்னால் ஆறு உப்பளத்து ஆட்கள். பன்னிரண்டு கால்களையும் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

மேடம் பேனாவை மறுபடி திறந்தார்.

கலைமதியால் தலை நிமிர முடியவில்லை. நல்லவேளை, பார்க்க வேண்டியதெல்லாம் கீழேதான் இருந்தது.