எட்டாவது குடித்தனம்

பதினான்கு சதவீதத்தில் மறுபடியும் நின்றது.

அவள் திரையை முறைத்தாள். திரை அசரவில்லை.

பால் ஒன்றிய அலுவலகத்தின் பழைய சர்வர் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் எட்டுக் கணினிகள் குடியிருந்தன. கையால் தொட முடியாத, மென்பொருளால் ஆன கணினிகள். அவற்றைக் குடிமாற்றத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். பக்கத்திலேயே புதுப் பெட்டி தயாராக நின்றது. ஏழு கணினிகள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சமர்த்தாக வீடு மாறிவிட்டன.

எட்டாவது, வருகைப்பதிவு.

அந்த அலுவலகத்தில் இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது அது ஒன்றுதான்.

மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்குத் தேனி பஸ். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அங்கே நிச்சயதார்த்தம்.

அவளுடையது.

"எட்டும் போனப்புறம் நீ கிளம்பு" என்று மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். எட்டு என்றால் அவருக்கு எட்டுதான். ஏழே முக்கால் கிடையாது.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் செருகினாள்.

பதினான்கு.

புதுப் பெட்டியில் இடம் போதுமா என்று பார்த்தாள். ஊரையே குடிவைக்கலாம்.

பதினான்கு.

அணைத்துவிட்டு நகர்த்தினால் வேலை சுலபம். ஆனால் வருகைப்பதிவை ஒரு நிமிடம்கூட அணைக்கக் கூடாது என்று நிர்வாகம் எழுதியே கொடுத்திருந்தது.

அம்மா போனில் வந்தாள்.

"வெத்தலக் கட்டு வந்தாச்சு. பூவுக்குச் சொல்லியாச்சு. பொண்ணு மட்டுந்தான்டி பாக்கி."

வைத்துவிட்டாள்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை.

அப்போதுதான் அந்தப் பிழைச் செய்தியை முதல் தடவையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். இதுவரை நின்ற ஆறு முறையும் மேலே சிவப்பாக இருந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்திருந்தாள்.

கடைசி வரி சொன்னது இதுதான். எட்டாவது கணினி பழைய பெட்டியின் சிடி டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே எதையோ படிக்கப் பார்க்கிறது.

சிடியா? இந்தக் காலத்திலா?

பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, டிரைவின் ஓரத்தில் இருந்த ஊசித்துளைக்குள் விட்டு அழுத்தினாள்.

தட்டு வெளியே வந்தது.

ஒரு வெற்றிலை.

சருகாகியிருந்தது. அதன் மேல் உலர்ந்த சந்தனம், குங்குமம், ஒரே ஒரு சாமந்தி இதழ்.

எத்தனை மாதமாக இதைப் படித்துக்கொண்டிருந்ததோ, பாவம்.

நிமிர்ந்தாள். கதவருகே கண்காணிப்பாளர் பூவராகன் நின்றுகொண்டிருந்தார். சர்வர் அறையின் சாவி பதினேழு வருடமாக அவர் இடுப்பில்தான் இருக்கிறது. கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறப்ப என் கை எங்கேயோ பட்டுருச்சும்மா. அது பாட்டுக்குக் கைய நீட்டுச்சு."

இடுப்புச் சாவியைத் தடவினார்.

"வெறுங்கையா அனுப்ப முடியுமா?"

திட்டத்தான் வாயெடுத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது.

டிரைவின் இணைப்பைத் துண்டித்தாள். மறுபடியும் நகர்த்தினாள்.

பதினான்கு.

இருவரும் மூச்சுவிடவில்லை.

பதினைந்து.

அதற்குப் பிறகு அது திரும்பியே பார்க்கவில்லை. மூன்று நாற்பதுக்கு எட்டாவதும் புதுவீடு புகுந்தது. ஆட்டோ கிடைத்தால் பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிடம்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். பூவராகன் புதுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து முன்பக்கம் பார்த்தார். எட்டிப் பின்பக்கம் பார்த்தார். கையில் புது வெற்றிலை. சந்தனம்கூடக் குழைத்து வைத்திருந்தார்.

புதுப் பெட்டிகளில் சிடி டிரைவ் வருவதில்லை.

"இது கைய நீட்டாதாம்மா?"

மூன்று நாற்பத்திரண்டு.

நீட்டாது சார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்க நினைக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

பையைத் திறந்தாள். பழைய கணினிகளுக்காக எப்போதும் எடுத்துவரும் தன் சொந்த சிடி டிரைவை, கேபிளோடு எடுத்தாள். புதுப் பெட்டியில் செருகி அதன் தலைமேல் வைத்தாள். எட்டுக் கணினிகளில் எதனோடும் அதை இணைக்கவில்லை. அந்த அளவுக்கு விவரம் இருந்தது.

பொத்தானை அழுத்தினாள்.

தட்டு நீண்டது.

பூவராகன் செருப்பைக் கழற்றினார். வெற்றிலையை இரண்டு கையாலும் வைத்தார். தட்டு மெல்ல உள்ளே போனது.

"வாங்கிக்கிச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவள் வாசல் வரை ஓடினாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புதுப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள்.

'நகர்த்துவதற்கு முன் வெற்றிலையை எடுக்கவும்.'

யோசித்துவிட்டு, ஊக்கையும் அதிலேயே குத்திவைத்தாள்.

பிறகு துப்பட்டாவைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடினாள்.